முத்துச்செல்வியை மட்டும் விடாத வாசல்

செல்லூரில் விசைத்தறிக் கூடங்களுக்கு நடுவே போகும் ஒரு சந்தில், ஷேர் ஆட்டோ ஓட்டும் மலைச்சாமியின் வீட்டு வாசல், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆவணி மாதம், அவர் மனைவி முத்துச்செல்வியை உள்ளே விட மறுத்தது. மற்ற எல்லோரையும் விட்டது. கரண்ட் கணக்கெடுக்க வந்தவரை விட்டது, பூனையை விட்டது, பட்டப்பகலில் பித்தளைக் குடத்தைத் தூக்க வந்தவனைக்கூட விட்டது. முத்துச்செல்வி பால் வாங்கிக்கொண்டு திரும்பியபோது மட்டும் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. மலைச்சாமி உள்ளிருந்து திறந்துவிட்டார். நிலையைத் தாண்டிக் காலை வைத்தவள் மறுபடியும் தெருவில்தான் நின்றாள். பக்கத்து வீட்டு மாடியிலிருந்து தன் மொட்டைமாடிக்குத் தாண்டி, படி வழியாக இறங்கிப் பார்த்தாள். கடைசிப் படியில் கால் பட்டதும் தெருக்குழாய் அருகே இருந்தாள், கையில் அதே பால் பாக்கெட்டோடு.

அந்த மாதத்தில்தான் அவளுடைய விரல் கணுக்களும் வீங்கத் தொடங்கின. தறிக்கூடத்துக்கு நூல் சுற்றிக் கொடுப்பது அவள் வேலை. காலையில் விரல்கள் மடங்காது. வெயில் ஏறிய பிறகுதான் ஒவ்வொன்றாக இளகும். வாசல் ஒரு விஷயம், விரல் வேறு விஷயம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். எதிர்வீட்டு ஜஸீலா, மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், தன் முன்னறையை ஒழித்துக் கொடுத்தாள். முத்துச்செல்வி அங்கே படுத்தாள், அங்கே குளித்தாள், சமையல் நேரத்துக்குத் தன் வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவில் நின்று கணவருக்குச் சமைக்கச் சொல்லிக் கொடுத்தாள்.

“வெங்காயம் செவந்துருச்சா?”

“செவப்புக்கு மேல போயிருச்சு.”

“அப்ப அதுக்குப் பேரு கருப்பு. சட்டியை எறக்குங்க.”

மலைச்சாமி இதைக் கண்திருஷ்டி என்று முடிவு செய்தார். வீட்டுக்குக் காவல் போதவில்லை என்பது அவர் கணக்கு. முதலில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டினார். பிறகு படிகாரக்கல், கருப்புக் கயிறு, நிலைக்கு மேலே ஒரு கண்ணாடி, கண்ணாடிக்குப் பக்கத்தில் சங்கு, நாக்கைத் தொங்கப்போட்ட அரக்கன் முகம் எழுதிய பூசணிக்காய் என்று ஒவ்வொன்றாக ஏறின. கடைசியாக ஆகாசக் கருடன் கிழங்கு. மண்ணும் தண்ணீரும் இல்லாமல் காற்றைக் குடித்தே தளிர்விடுகிற அந்தக் கிழங்கு, அவர் வீட்டு நிலையில் மூன்றே நாளில் கொடிவிட்டு, ஜன்னல் கம்பிகளைச் சுற்றிக்கொண்டது. அன்றிலிருந்து ஜன்னலும் அவளைக் கண்டால் சாத்திக்கொண்டது. வாசற்படியில் உட்கார்ந்தால் படி சாய்ந்து அவளை மெதுவாகத் தெருவில் இறக்கிவிட்டது. வீக்கம் விரலிலிருந்து மணிக்கட்டுக்கும், மணிக்கட்டிலிருந்து முழங்காலுக்கும் போனது. ஆட்டோ ஸ்டாண்டில், “எதிர்ப்புச் சக்தி கொறஞ்சிருச்சு மாப்ள, அம்புட்டுதான்” என்றார்கள். அதனால் எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட வேளைக்கு ஒரு கஷாயமும் காய்ச்சி எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனார். அவள் வாயைக் கோணிக்கொண்டு குடித்தாள். வீட்டுக்குள் உட்கார்ந்து பீடி குடித்தபடி, இன்னும் எதைக் கட்டலாம் என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

மார்கழியில், திருவாதவூரில் வாழ்க்கைப்பட்டிருந்த மகள் சரண்யாதேவி போன் செய்து, முழுகாமல் இருப்பதாகச் சொன்னாள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்தது. வளைகாப்பு முடிந்ததும் மகளை அழைத்து வர வேண்டும். ஆரத்தி எடுத்து உள்ளே கூட்டிப்போக, தாய் உள்ளே இருக்க வேண்டும். சரண்யாதேவியின் மாமியார் முனியாயி போனை வாங்கி, “தாயே நடுத்தெருவுல நிக்கிறாக, மகளுக்கு எங்க பாய் விரிப்பாகளாம்?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். முத்துச்செல்வி போனை வைத்துவிட்டு, “ஜஸீலா, என்னைய டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ” என்றாள்.

மூட்டு நோய்களுக்கென்றே படித்த அந்தப் பெண் டாக்டர், ரத்தத்தைப் பரிசோதிக்க அனுப்பினார், விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். முடக்குவாதம் என்றார். முத்துச்செல்வி வாசல் விவகாரத்தையும் சொன்னாள். டாக்டர் அதை இருமலைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டார்.

“கதவுல என்னென்ன தொங்குது?”

மலைச்சாமி பெருமையோடு வரிசையாகச் சொன்னார். கஷாயத்தையும் சொன்னார்.

“கிருமி வந்தா அடிக்கிறதுக்குத்தான் உடம்புல காவல் இருக்கு. உங்க வீட்டம்மாவுக்கு அந்தக் காவல் கொறையல. ஆள் அடையாளம் தெரியாம சொந்த மூட்டையே அடிக்குது. காவக்காரன் வீட்டுக்காரியவே அடிக்கிறான், நீங்க அவனுக்குப் புதுசு புதுசாக் கம்பு வாங்கிக் குடுத்துட்டு இருக்கீங்க.”

“இது ஏன் டாக்டர் வந்துச்சு?” என்று கேட்டாள் முத்துச்செல்வி.

“முழுசா யாருக்கும் தெரியாதும்மா. பிறவியில கொஞ்சம் இருக்கும். புகை ஒரு காரணம். வீட்டுல யாரு பீடி?”

மலைச்சாமி கூரையைப் பார்த்தார்.

அடியோடு போய்விடும் என்று டாக்டர் சொல்லவில்லை. அடக்கி வைக்கலாம் என்றார். சீக்கிரம் வந்ததால் மூட்டு கோணாமல் காப்பாற்றலாம் என்றார். காவலைக் கொஞ்சம் அடக்குகிற மருந்து தரப்போவதால், முதலில் தடுப்பூசி போட்டார். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் சாப்பிட வேண்டிய மாத்திரை கொடுத்தார். அது வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை வலிக்கு வேறொன்று, அதைத் திடீரென்று நிறுத்தக்கூடாது, அவ்வப்போது ரத்தம் பார்க்க வேண்டும் என்றார். கஷாயத்தை நிறுத்தச் சொன்னார். வாசலில் தொங்குவதையும் அவசரப்படாமல் ஒவ்வொன்றாக இறக்கச் சொன்னார்.

மலைச்சாமி மூன்று பேர் ஏறியதும் நான்காவது ஆளுக்குக் காத்திருக்க முடியாமல் வண்டியைக் கிளப்புகிறவர். வாரத்துக்கு ஒன்று என்றால் தினம் ஒன்று போட்டால் ஏழு மடங்கு வேகம்தானே என்று ஜஸீலாவின் கடைக்கே போய்க் கேட்டார். “அண்ணே, அப்படிப் போட்டா அக்கா ஆஸ்பத்திரிக்குத்தான் வேகமாப் போகும்” என்றாள் அவள். அன்றே மாத்திரை அட்டையைத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டு, வியாழக்கிழமை தோறும் தானே எடுத்துக் கொடுத்தாள். மலைச்சாமி பீடியை விட்டார். தையில் சங்கை இறக்கினார், மாசியில் கண்ணாடியை. பங்குனிக்குள் ஜன்னல் திறந்தது, படி சாய்வதை நிறுத்தியது. வாசல் மட்டும் அசையவில்லை. சித்திரை பிறந்ததும் மலைச்சாமிக்குப் பொறுமை போய்விட்டது. அழகர் ஆற்றில் இறங்கும் நாளன்று காலையில், மிச்சமிருந்த எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் பிடுங்கிப் போட்டார்.

கதவு விரியத் திறந்துகொண்டது. பிறகு அதைச் சாத்தவே முடியவில்லை. ஆற்றிலிருந்து திரும்பிய கூட்டம் நேராக உள்ளே வந்தது. பல ஊர்க்காரர்கள் ஈரத் துணியோடு கூடத்தில் படுத்தார்கள். மூன்று ஆடுகள் வந்து அரிசி மூட்டையைப் பிரித்தன. யாரோ ஒருவர் சமையலறையில் மொட்டைத் தலைக்குச் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கூட்டத்தோடு கூட்டமாக முத்துச்செல்வியும் உள்ளே வந்துவிட்டாள். தன் அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள், அழுதாள், வந்திருந்த அத்தனை பேருக்கும் உப்புமா கிண்டினாள். அந்த வீடு அன்று யாரையும் அந்நியமாகப் பார்க்கவில்லை. இருமிக்கொண்டே சுவரோரம் படுத்திருந்தவரையும்தான். அந்த இருமல் நாலு நாளில் முத்துச்செல்வியின் நெஞ்சுக்கு வந்தது. காய்ச்சலோடு அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

“காவலே இல்லாத வீட்டுலயும் குடியிருக்க முடியாதுங்க” என்றார் டாக்டர். காய்ச்சல் இறங்கும்வரை வாரமாத்திரையை நிறுத்தி வைத்தார், பிறகு மறுபடி ஆரம்பித்தார். மலைச்சாமி வீட்டுக்குப் போய் ஒரே ஒரு எலுமிச்சம்பழத்தை மட்டும் கட்டினார். ஆடுகள் எழுந்து வெளியே போயின.

அதன் பிறகு வாசல் ஒரு நிதானத்துக்கு வந்தது. நல்ல நாளில் முத்துச்செல்வியை விட்டது, கெட்ட நாளில் விடவில்லை. எந்த நாள் நல்ல நாள் என்பதை அவள் காலையில் கையை மடக்கிப் பார்த்தே சொல்லிவிடுவாள். நல்ல நாட்கள் கூடிக்கொண்டே வந்தன. ஆனியில், ஒன்பதாம் மாத வளைகாப்பு முடிந்து சரண்யாதேவி வந்து இறங்கிய நாள் பார்த்துக் கெட்ட நாளாக அமைந்தது. பால் வாங்க வெளியே போன முத்துச்செல்வி உள்ளே போக முடியாமல், ஜஸீலா வீட்டில் கரைத்த ஆரத்தித் தட்டோடு தெருவில் நின்றாள். வேனிலிருந்து இறங்கிய திருவாதவூர்ப் பெண்கள் வாசலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

“நான் அப்பவே சொன்னேன்ல” என்றாள் முனியாயி. “வண்டியைத் திருப்பு. பேரப்புள்ள நம்ம வீட்டுலயே பெறக்கட்டும்.”

சரண்யாதேவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். கை நிறையக் கண்ணாடி வளையல்.

“அத்தை, நீங்க போறதுன்னா போங்க. எங்கம்மா உள்ள போகட்டும், நான் வாரேன்.”

“கதவு அது பாட்டுக்குச் சாத்திக் கெடக்கு, எப்படிடி போவாக?”

“தொறக்கும்போது போவாக.”

மலைச்சாமியின் கை எலுமிச்சம்பழக் கயிற்றுக்குப் போனது. “அண்ணே, கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க” என்றாள் ஜஸீலா. முத்துச்செல்வி தட்டை அவளிடம் கொடுத்துவிட்டு, மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வந்தவர்களுக்கு ஜஸீலா வீட்டிலிருந்து டீ வந்தது. தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. டீ குடித்து முடித்த முனியாயிக்கும் உட்கார இடம் வேண்டியிருந்ததால், படியிலேயே ஓர் ஓரமாக உட்கார்ந்தாள். வெயில் எதிர்வீட்டு மாடியைத் தாண்டிப் படியில் இறங்கியது. முத்துச்செல்வியின் விரல்கள் ஒவ்வொன்றாக இளகின. நிலையில் சாய்ந்திருந்த சரண்யாதேவியின் வயிற்றில் பிள்ளை ஓர் உதை விட்டது. கதவு ஓர் ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்தது.

முத்துச்செல்வி பக்கவாட்டில் உள்ளே போனாள். உள்ளே நின்றபடி தட்டை வாங்கி, தன் கையாலேயே மகளுக்கு ஆரத்தி எடுத்தாள்.

அடுத்தமுறை போனபோது டாக்டரிடம் இதைச் சொன்னார்கள். பிள்ளைத்தாய்ச்சி உடம்பு, பாதி அந்நியமான ஓர் உயிரைப் பத்து மாதம் தள்ளாமல் வைத்திருக்கிறது, பொறுத்துப்போவது எப்படி என்று அதற்குத் தெரியும், அந்த மாதங்களில் சில பெண்களுக்கு இந்த நோயே தணிவதும் உண்டு என்றார் அவர். கதவு அதைப் பார்த்துக் கற்றதா என்று மலைச்சாமி கேட்டதற்கு, தான் கதவுக்குப் படிக்கவில்லை என்றார். பேத்தி ஆஸ்பத்திரியில் பிறந்து வீட்டுக்கு வந்த அன்று வாசல் கொஞ்சம் யோசித்தது, பிறகு விட்டது. தலையைத் தாங்கிப் பிடித்துக் குளிப்பாட்டும் அளவுக்கு முத்துச்செல்வியின் விரல்கள் மடங்கின.

வியாழக்கிழமை மாத்திரை இப்போதும் நடக்கிறது. எலுமிச்சம்பழம் ஒன்றுதான். சில காலைகளில் வாசல் இன்னும் அவளை விடுவதில்லை. அப்போது அவள் நூலை எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிடுவாள். பாட்டி தெருவில் இருப்பதைக் கண்டதும் பேத்தி உள்ளிருந்து தவழ்ந்து வந்து, நிலைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொள்ளும்.

“இன்னிக்கு எப்படிக்கா?” என்று போகிறவர்கள் கேட்பார்கள்.

“பத்து மணி போல விடும்.”

வெயில் நிலைப்படியைத் தொட்டதும் எழுந்து, சேலையில் ஒட்டிய நூலைத் தட்டிவிட்டு, பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு, பக்கவாட்டில் உள்ளே போகிறாள். மலைச்சாமி குழம்புக்கு உப்புப் போட்டாரா என்று பார்க்க வேண்டும்.