எடித் ஹால்டன் பேச வேண்டிய பதினோரு வசனங்கள்

உத்திரமேரூர் டிராவலர்ஸ் பங்களாவில் காரை விட்டு இறங்கியபோது எடித் ஹால்டனுக்கு அறுபத்து நான்கு வயது. அது 1977 டிசம்பர். நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு மிஷன் ஆஸ்பத்திரியைப் பற்றிப் படம் எடுக்க லண்டனிலிருந்து ஒரு கம்பெனி வந்திருந்தது. அதில் அவருக்கு டாக்டரம்மா வேஷம். படத்தில் பதினோரு இடங்களில் அவர் தமிழில் பேச வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்க, கம்பெனியின் மெட்ராஸ் மேனேஜர் சுகுமார், திருமுக்கூடலில் வாத்தியார் வேலை பார்த்த ஐசக்கைப் பிடித்தார். அரைப் பரீட்சை லீவுதானே என்று ஐசக்கும் ஒப்புக்கொண்டான்.

முதல் நாள் காலையிலேயே அவர் பதினோரு வசனத்தையும் பிசகில்லாமல் ஒப்பித்துவிட்டார். 'மழை' என்பதை ஐசக்கின் வகுப்புப் பிள்ளைகளே 'மயெ' என்றுதான் சொல்வார்கள். இவர் நாக்கை மடித்துச் சரியாகச் சொன்னார். அவன் அசந்துபோனான்.

பாடம் முடிந்ததும் எடித் தன் கதையைச் சொல்வார். இங்கிலாந்தின் வடக்கே ஒரு மில் ஊரில் மளிகைக் கடைக்காரரின் மகளாகப் பிறந்தவர். பதினாறு வயதில் ஊர் ஊராகப் போகும் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, இருபத்து நாலில் லண்டன் மேடையைப் பிடித்தார். யுத்த காலத்தில் குண்டு விழும் சத்தத்துக்கு நடுவே வசனத்தை நிறுத்தாமல் பேசியிருக்கிறார். பிறகு சினிமாவில் இருபது படங்கள். எதிலும் கதாநாயகி இல்லை. அத்தை, வாடகை வீட்டுக்காரி, ஒரு முறை மகாராணி. கட்டியவர் செத்துப் பத்து வருஷம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை.

மறுநாள் காலை ஐசக் போனபோது, அவர் எழுந்து கைகுலுக்கித் தன் பெயரைச் சொல்லி, நீங்கள் யார் என்று கேட்டார். பதினோரு வசனத்தில் ஒன்றுகூட நினைவில் இல்லை. அவன் சிரித்து மழுப்பி, முதலிலிருந்து ஆரம்பித்தான். அரை மணி நேரத்தில் அத்தனையும் மனப்பாடம். அடுத்த நாள் மறுபடியும் துடைத்துவிட்டது போல இருந்தது.

நாலாம் நாள் அவரே சொன்னார். போன வருஷம் லண்டனில் ஒரு நாடகத்தின் நடுவில் வசனம் மறந்து அப்படியே நின்றுவிட்டாராம். திரையை இறக்கினார்கள். அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. இந்த டைரக்டர் சின்னப் பையன், அந்தச் சங்கதி தெரியாதவன்.

"இது தெரிந்தால் நாளைக்கே என்னை விமானத்தில் ஏற்றிவிடுவார்கள்," என்றார் எடித். "அங்கே எனக்கு ஓர் அறையும் ஒரு ஜன்னலும்தான் இருக்கின்றன. இது ஒன்றை முடித்துவிட்டுப் போகிறேன். உதவி செய்வீர்களா?"

ஐசக் சரி என்றான். பெரிய அட்டைகளில் வசனங்களை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி, காமிராவுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு நின்றான். வெள்ளைக்காரருக்குத் தமிழ் வராது, அதற்காகத்தான் அட்டை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். அட்டையைப் பார்த்ததும் எடித்தின் முகம் டாக்டரம்மாவின் முகமாக மாறிவிடும். கூட்டமே வாயடைத்து நிற்கும். ஐசக் இல்லாமல் ஷாட் வைக்க முடியாது என்று டைரக்டர் எல்லார் முன்னாலும் சொன்னபோது அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இரண்டு முறை சுகுமாரிடம் உண்மையைச் சொல்லிவிடப் போனான். இரண்டு முறையும் வேறு ஏதோ பேசிவிட்டுத் திரும்பினான்.

பத்து நாளில் ஒன்பது வசனங்கள் முடிந்தன. அடுத்தது ஆற்றுக் காட்சி. வெள்ளத்தில் தவிக்கும் குழந்தையை டாக்டரம்மா தூக்கிக்கொண்டு தண்ணீரைக் கடந்து வருகிறாள். திருமுக்கூடலில், மூன்று ஆறும் சேருகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே எடுப்பதென்று முடிவாயிற்று. ஐப்பசி மழைத் தண்ணீர் வடிந்து தொடை அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒத்திகைக்குப் பொம்மை போதும், ஷாட்டுக்கு நிஜக் குழந்தை வேண்டும் என்றார் டைரக்டர்.

ஐசக்கின் தெருவிலேயே முனியம்மாள் இருந்தாள். மூத்த பெண் அவனிடம் இரண்டாம் வகுப்புப் படித்தாள். கைக்குழந்தை பவளத்துக்கு ஒன்பது மாதம். புருஷன் தாண்டவராயன் முடியாது என்றுதான் சொன்னான். ஐசக் அவர்கள் வாசலில் உட்கார்ந்து, பத்து நிமிஷ வேலை, நானும் கூடவே நிற்பேன் என்று சொல்லிச் சம்மதிக்க வைத்தான்.

முனியம்மாள் ஒன்றே ஒன்று கேட்டாள். "அந்தம்மா வயசானவங்களா கீறாங்களே, கை கெட்டியா புடிப்பாங்களா வாத்தியாரே?"

கெட்டியாகப் பிடிப்பார் என்றான். அவன் நினைத்துப் பார்த்துத்தான் சொன்னான். எடித்தின் கையில் நல்ல பலம் இருந்தது. மேலும் அந்தக் காட்சியில் வசனமே கிடையாது. வசனம் இல்லாவிட்டால் மறப்பதற்கு என்ன இருக்கிறது?

பொம்மையை வைத்து இரண்டு தடவை நடந்தார்கள். இரண்டும் சரியாக வந்தன. பதினோரு மணி சுமாருக்கு முனியம்மாள் பவளத்துக்குப் பால் கொடுத்து, எடித்தின் கையில் ஒப்படைத்துவிட்டுக் கரைக்கு வந்து நின்றாள். காமிரா ஓடியது. எடித் இருபது அடி நடந்து வந்தார். குழந்தை வீறிட்டு அழுதது.

அவர் நின்றுவிட்டார். குனிந்து குழந்தையைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார்.

"யாருடைய குழந்தை இது?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

கரையில் இருந்தவர்கள் அதுவும் நடிப்புதான் என்று நினைத்தார்கள். ஐசக்குக்கு மட்டும் புரிந்தது. அவன் கத்திக்கொண்டே தண்ணீரில் இறங்கினான். அதற்குள் எடித், மேடையில் கையிலிருக்கும் நாடகச் சாமானைத் திரை ஓரத்தில் நிற்கும் வேலைக்காரியிடம் கொடுப்பது போல, இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டினார். அங்கே யாரும் இல்லை. கையை விட்டுவிட்டார்.

முனியம்மாள்தான் முதலில் பாய்ந்தாள். தாண்டவராயனும் இன்னும் நாலைந்து பேரும் விழுந்து தேடினார்கள். முந்நூறு அடி தள்ளி, நாணல் புதரின் அடியில் பவளம் கிடைத்தாள். ஆஸ்பத்திரிக்கு ஜீப் பறந்தது. வழியிலேயே உயிர் இல்லை என்று முனியம்மாளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் மடியை விட்டு இறக்கவில்லை.

கால் வழுக்கி நடந்த விபத்து என்று போலீசில் எழுதினார்கள். எடித் சொன்னதை மொழிபெயர்த்ததாக அதில் ஐசக்கும் கையெழுத்துப் போட்டான். எடித் அப்படி எதுவும் சொல்லவே இல்லை.

அன்று சாயங்காலம் பங்களாவில் அவர் உலர்ந்த உடை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஷாட் எப்போது என்று கேட்டார். ஐசக் நடந்ததைச் சொன்னான். அவர் இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டு அழுதார். மறுநாள் காலை பளிச்சென்று தலை வாரி உட்கார்ந்து, ஷாட் எப்போது என்றார். மறுபடியும் சொன்னான். மறுபடியும் அதே அழுகை, முதன்முதலாகக் கேட்பது போலவே. மூன்றாம் நாள் அவன் சொல்லவில்லை. இன்றைக்கு ஷூட்டிங் இல்லையம்மா என்றான். அன்றைக்கே அவரை மெட்ராசுக்கு அழைத்துப் போய்விட்டார்கள். படத்தை வேறொருத்தியை வைத்து முடித்ததாகப் பின்னால் கேள்விப்பட்டான்.

பவளத்தின் காரியம் முடிந்த மறுநாள் ஐசக் முனியம்மாளைப் பார்க்கப் போனான். தாண்டவராயன் வயலுக்குப் போயிருந்தான். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவன் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். அந்த அம்மாளுக்குப் புத்தி தடுமாற்றம் என்பது, அது தனக்கு முன்பே தெரியும் என்பது, கையெழுத்துப் போட்டது, ஒன்று விடாமல்.

முனியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"தெரிஞ்சிக்கினுதான் எங்க வூட்டு வாசல்ல வந்து குந்திக்கினு கேட்டியா?"

அதுவரை அவனை அவள் ஒருமையில் பேசியதில்லை. ஆமாம் என்றான். போலீசில் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றான்.

"சொல்லாத," என்றாள். "யார்கிட்டயும் சொல்லாத. சொன்னா அவரு உன்ன வெட்டிப்புட்டு ஜெயிலுக்குப் போயிடுவாரு. இருக்கிற பொண்ணுக்கு அப்பன் வோணும். சொல்லிட்டா உன் மனசு ஆறும். என்னுது இன்னா ஆவும்? நீயே வச்சிக்கினு கெட. எங்க கண்ணுல மட்டும் படாத."

அந்தக் கோடையில் ஐசக் மாற்றல் கேட்டு சாலவாக்கம் பக்கம் போய்விட்டான். இருபது மைலுக்குள்தான். ஆனாலும் திருமுக்கூடல் வழியாகப் போகும் பஸ்ஸில் அவன் ஏறுவதில்லை.

1982இல் எடித்தின் அண்ணன் மகளிடமிருந்து ஒரு கவர், திருமுக்கூடல் பள்ளிக்கூடத்துக்குப் போய் அங்கிருந்து விலாசம் மாற்றி வந்தது. எடித் முதியோர் இல்லத்தில் இறந்துபோனாராம். அவருடைய கைப்பையில் அந்தப் பள்ளிக்கூட விலாசம் இருந்ததாம். கூடவே ஒரு லண்டன் பத்திரிகைத் துண்டு. நடித்த நாடகங்கள், இருபது படங்கள், மகாராணி வேஷம் எல்லாம் அதில் வரிசையாக இருந்தன. இந்தியாவுக்கு வந்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஐசக் கடைசி வரி வரைக்கும் படித்தான். பிறகு முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தான்.

அந்தச் சனிக்கிழமை திருமுக்கூடலுக்குப் போனான். எடித் இறந்ததை முனியம்மாளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எதற்கு என்று அவனுக்கே விளங்கவில்லை. ஆற்றோரக் கழனியில் ஏழெட்டுப் பெண்கள் நடவு நட்டுக்கொண்டிருந்தார்கள். முனியம்மாள் நிமிர்ந்து, வரப்பில் நின்ற அவனைப் பார்த்தாள். அடையாளம் தெரிந்துகொண்டாள். குனிந்து ஒரு நாற்று முடியை எடுத்துக்கொண்டு அடுத்த கழனிக்கு நடந்தாள்.

அவன் வந்த வழியே பஸ் ஏறப் போனான்.