ஒன்பதே முக்கால் மணி நேரம்

எங்கள் பயண அலுவலகத்தில் எனக்குக் 'கால்குலேட்டர்' என்று பெயர். எதிரே வந்து உட்காருகிறவர் இரண்டு ஊர்களைச் சொல்லி வாய் மூடுவதற்குள் விமானம் எத்தனை மணி நேரம் பறக்கும் என்று சொல்லிவிடுவேன். பெரிய வித்தையெல்லாம் இல்லை. தூரத்தை எண்ணூற்றைம்பதால் வகுத்து, ஏற இறங்க இருபது நிமிடம் சேர்த்தால் போதும். ஆனாலும் அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு, மறைப்பானேன்.

தம்பி வேலை பார்க்கும் ஊர் எட்டாயிரம் கிலோமீட்டர். அப்பாவை மருத்துவமனையில் சேர்த்த அன்று அவன் போனில் கேட்டான்.

"வந்துடட்டுமாக்கா?"

"எதுக்குடா அலறியடிச்சுக்கிட்டு? இருக்கிற லீவை இப்பவே தீர்த்துட்டா அப்புறம் என்ன பண்ணுவே? ஒன்பதே முக்கால் மணி நேரம். நான் கூப்பிட்டா ஒரு தூக்கம் போட்டு எழுந்திரிக்கிறதுக்குள்ள இங்க இருப்பே."

சின்ன வயதிலிருந்தே அவனுக்கு நான் சொன்னால் வேதவாக்கு. பேசாமல் இருந்துவிட்டான்.

பத்தாம் நாள், செவ்வாய் மதியம், வர வேண்டியவர்களை வரச் சொல்லிவிடுங்கள் என்றார் டாக்டர். தம்பி ஊரிலிருந்து நேரடி விமானம் வாரத்துக்கு மூன்று தடவைதான். அடுத்தது மறுநாள் அவன் ஊர் மாலையில். இடையில் விமானம் மாறி வரும் வழிகளில் ஒரு இடம்கூட இல்லை. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தினமும் ஊராருக்கு எடுத்துச் சொல்கிறவள், சொந்தத் தம்பிக்குப் பறக்கிற நேரத்தை மட்டும் சொல்லியிருந்தேன்.

புதன் காலை அப்பா கண் திறந்தார். "சின்னவன் எங்க வர்றான்?"

"கிளம்பிட்டான்ப்பா." வாய் கூசாமல் சொன்னேன்.

"எவ்வளவு நேரம்?"

"ஒன்பதே முக்கால்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அவர் எண்ணிய நேரம் அன்று மாலையே வந்துபோனது. "உன் கணக்கு தப்பாதேம்மா" என்றார். அதன்பின் அவர் கேட்கவில்லை.

வியாழன் காலை ஆறு பத்துக்கு அப்பா போய்விட்டார். அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே என் பாழாய்ப்போன தலை கணக்குப் போட்டது. விமானம் வர இன்னும் இரண்டாயிரத்து முந்நூறு கிலோமீட்டர். பிறகுதான் அழுகை வந்தது.

ஒன்பது மணிக்கு இறங்கியதும் தம்பி போன் செய்தான். போனை நீட்டிவிட்டேன். என் வீட்டுக்காரர் வாங்கி, "ஆஸ்பத்திரிக்கு வேணாம் மாப்ள, நேரா வீட்டுக்கு வந்துடு" என்றார். அவன் ஏன் என்றுகூடக் கேட்கவில்லையாம்.

பத்தரைக்கு வந்தான். பையை இறக்காமலேயே அப்பா பக்கத்தில் உட்கார்ந்தான். என்னை நாலு வார்த்தை திட்டமாட்டானா என்று இருந்தது எனக்கு.

"நீ சொன்னது சரிதான்க்கா. பிளேன் சரியா ஒன்பதே முக்கால் மணி நேரம்தான் பறந்துச்சு."

குத்திக்காட்டவில்லை, அப்படிப் பேச அவனுக்குத் தெரியாது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இப்ப மணி என்னக்கா?" என்று கைக்கடிகாரத்தைத் திருத்தப் போனான். அது இன்னும் அவன் ஊர் நேரத்தில், ஐந்து மணி நேரம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. அதில் மணி ஐந்தரை. ஆறு பத்துக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

"அப்புறம் மாத்திக்கலாம்டா" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.