அலமாரிக்குள் பாடிய பாட்டு

ஸ்டுடியோவில் அவளை எல்லோரும் டிராக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மெட்டு பிறந்ததும் அதை முதலில் பாடி வைக்கிறவள் அவள். அப்புறம் பெரிய பாடகி காரில் வந்து இறங்கி, அதைக் கேட்டுக் கற்றுக்கொண்டு, தன் குரலில் பாடிவிட்டுப் போவார். அவர் கார் தெருவைத் தாண்டுவதற்குள் இவள் குரலை அழித்துவிடுவார்கள். அப்படி அழிந்ததையெல்லாம் சேர்த்து வைத்திருந்தால் ஒரு வானொலி நிலையமே நடத்தலாம். ஒரே ஒரு பாட்டிலாவது தன் குரல் தங்கிவிட வேண்டும் என்பது அவள் ஆசை. அதை வீட்டில் சொல்லலாம் என்றால், சொன்னால் காதில் விழுகிற வீடாக அது இல்லை.

மாமியார் டிவி பார்க்கிற வீடு அது. தொடரில் ஒருத்தி விசும்பினால் தெருமுனையில் நிற்கிறவனுக்குத் தொண்டை அடைக்கும். அத்தைக்குக் காதில் கோளாறு ஒன்றும் கிடையாது. அடுப்படியில் பிஸ்கட் டப்பாவைச் சத்தமில்லாமல் திறந்தாலும் கூடத்திலிருந்து "எனக்கும் ரெண்டு" என்று குரல் வரும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து "கொஞ்சம் குறைங்க அத்தை" என்று சொல்ல வாயெடுப்பாள், மென்று விழுங்கிவிடுவாள். கணவனிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் "அம்மாகிட்டயா?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். அவனுக்கு எந்தச் சிக்கலுக்கும் அதுதான் வழி. செருப்பு சீக்கிரம் தேயும்.

ஆகவே வீட்டிலிருந்தே டிராக் பாடி அனுப்பவேண்டுமென்றால் அவள் துணி அலமாரிக்குள் போய்விடுவாள். தொங்குகிற துணிகள் வெளிச்சத்தத்தைக் குடித்துவிடும் என்று இசையமைப்பாளர் சொல்லியிருந்தார். மைக்கைக் கணவனின் கோட்டில் மாட்டி, கதவைச் சாத்திக்கொண்டு, காலை மடக்கி உட்கார்ந்து காதலும் பிரிவும் தாலாட்டும் பாடியிருக்கிறாள்.

அன்றைக்கு வந்தது ஒரு குடும்பப் படத்தின் பாட்டு. புது வீட்டில் குடும்பமே கூடி ஆடுகிறது. 'வாசல் முழுக்கச் செருப்பு, வீடு முழுக்கச் சிரிப்பு' என்பது பல்லவி. பல்லவிக்குப் பிறகு புல்லாங்குழலுக்காக இடம் விட்டு, அதுவரைக்கும் வெறும் தாளத்தை ஓடவிட்டிருந்தார்கள். சரியாக அந்த இடத்தில் கூடத்துத் தொடரில் யாரோ செத்துப்போனார்கள். ஒப்பாரி கதவைத் துளைத்து, துணிகளைத் தாண்டி உள்ளே வந்தது. அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"அத்தை, அந்த டிவியைக் கொஞ்சம் கொறைங்களேன், காது நல்லாத்தானே இருக்கு" என்று கோட்டைப் பார்த்துச் சொன்னாள்.

பாடிப் பழகிய வாய் சும்மா இருக்குமா? சொன்னது சுருதியில் இருந்தது. தாளத்தில் ஏறித் தாளத்தில் இறங்கியது. அந்த இடத்தை வெட்டிவிட்டு அனுப்பலாம் என்றிருந்தாள். அதற்குள் அத்தை குடிக்கத் தண்ணீர் கேட்டார். கொடுத்துவிட்டு வந்தவள், வெட்டியாயிற்று என்ற நினைப்பில் அப்படியே அனுப்பிவிட்டாள்.

மறுநாள் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தபோது இயக்குநர் டிராக்கைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இதாங்க குடும்பம். புல்லாங்குழல் வேண்டாம், இந்த வரியே இருக்கட்டும்" என்றார்.

அவள் பதறி முன்னால் வந்தாள். "சார், அது பாட்டு இல்ல சார். எங்க வீடு."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

பெரிய பாடகியை வரவழைத்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு 'அத்தை' என்ற ஒரு சொல்லிலேயே மலையேறி இறங்கினார். 'டிவி'க்கு வருவதற்குள் கோபம் போய் பக்தி வந்துவிட்டது. காபி குடிக்கப் போன தபேலாக்காரர் திரும்பி வந்தபோதும் அவர் 'கொஞ்சம்' என்பதில்தான் இருந்தார். நிஜ எரிச்சல் வரட்டும் என்று பக்கத்து அறையில் ஒரு டிவியை அலறவிட்டு, அதன் முன்னால் அத்தை வேஷத்துக்கு ஒரு மூத்த நடிகையை உட்கார வைத்தார்கள். நல்ல மனுஷி. பாடகி அந்த வரியைப் பாடியதும் "ஐயோ, ஸாரிம்மா" என்று சத்தத்தைக் குறைத்துவிட்டார். "அத்தைன்னா குறைக்க மாட்டாங்கம்மா" என்று இயக்குநர் தலையில் அடித்துக்கொண்டார்.

டிராக் அக்கா அந்த வரி இல்லாமல் ஒரு தடவை பாடிக் காட்டினாள். உயிரைக் கொடுத்துத்தான் பாடினாள்.

"பாட்டு நல்லாருக்கு, வீடுதான் காலியா இருக்கு" என்றார் இயக்குநர். "டிராக்கையே வெச்சுக்கலாம். அக்கா பேரையே போடுங்க. அக்கா, வரியோட சம்மதமா? இல்லைன்னா புல்லாங்குழல், பெரிய பாடகியோட குரல், முடிஞ்சுது."

கேட்ட வரம் கிடைத்தது, ஆனால் வம்போடு கிடைத்தது. சம்மதித்தால் வீட்டில் பூகம்பம். மறுத்தால் மறுபடியும் குரலை அழித்துவிடுவார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். தலை அதற்குள் 'சரி' என்று ஆடிவிட்டது.

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள். அவன் செருப்பைத் தேடினான்.

பாட்டு வெளியானது. ஆட்டோவில், பேருந்தில், பல் டாக்டரின் வரவேற்பறையில் எல்லாம் ஊரே அத்தையிடம் கெஞ்சியது. அவள் வீட்டில் மட்டும் அது நுழையாதபடி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள். கடைசியில் அது தொடரின் விளம்பர இடைவேளையில் வந்து நின்றது. அவள் கை நிறைய சோப்பு நுரையோடு அடுப்படியில் இருந்தாள்.

வாசல் முழுக்கச் செருப்பு. வீடு முழுக்கச் சிரிப்பு. அத்தை, அந்த டிவியை.

கூடத்தில் சத்தம் நின்றது. அந்த வீட்டில் அப்படி ஒரு அமைதியை அவள் கேட்டதே இல்லை. குழாய் சொட்டுவது அன்றுதான் தெரிந்தது.

"இங்க வா" என்றார் அத்தை.

போனாள். நுரைக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். கணவன் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

"இது உன் குரல்தானே?"

"ஆமா அத்தை."

"நீ பாடுறவள்னு சொன்னாங்க. இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட என் காதுல விழலையே."

"அலமாரிக்குள்ளதான் பாடுவேன் அத்தை."

"ஏன்?"

அவள் டிவியைப் பார்த்தாள். அத்தையும் டிவியைப் பார்த்தார்.

"அதுக்குள்ள உக்காந்து பாடினா எனக்கு எப்படிடி கேக்கும்?" என்றபோது அத்தையின் குரல் உடைந்திருந்தது. பிறகு ரிமோட்டை நீட்டினார். "அந்தப் பாட்டை முதல்லேருந்து போடு."

டிவியிலேயே யூடியூபில் தேடிப் போட்டாள். அத்தை ரிமோட்டைத் திரும்ப வாங்கி, சத்தத்தைக் கூட்டினார். திரையில் சத்தத்தைக் காட்டும் கோடு முழுதும் நிரம்பிய பிறகும் பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. ஜன்னல் அதிர, அலமாரிக் கதவு தானாகத் திறந்துகொள்ள, டிவியைக் குறைக்கச் சொல்லி அவள் குரல் தெரு முழுக்க அலறியது. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, காதும் வலித்தது.

பக்கத்து வீட்டுக்காரர் சுவரை இடித்தார். "சத்தத்தைக் கொஞ்சம் குறைங்களேன்" என்று கத்தினார்.

அத்தை அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. "இவனுக்குச் சுருதியும் சேரலை, தாளமும் சேரலை" என்றார் மருமகளிடம்.