மூன்றாவது நூறு

ஜெயராணி வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவர் கையெழுத்துப் போடப் பேனாவைத் தேட ஆரம்பித்துவிடுவார் என்று புதுத்திடலில் ஒரு பேச்சு உண்டு. இன்சூரன்ஸ் ஏஜென்ட். சிதம்பரத்துக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவில் அவள் பாலிசி விற்காத தெரு கிடையாது. சாவைப் பற்றிப் பேசியே மூன்று வேளைச் சோறு சம்பாதிக்கிறவள் என்று அவள் புருஷனே கிண்டல் செய்வார். அப்படிப்பட்டவள் எதற்காக ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியானாள் என்று கேட்டால், பதில் ஒரே வார்த்தைதான்: கக்கூஸ்.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. பெண் பிள்ளைகளுக்கு இருந்த கழிப்பறை ஒரு மழைக்காலத்தில் உள்வாங்கியது. யாரோ வந்து சுவரில் சிவப்புப் பெயின்டால் பெருக்கல் குறி போட்டுவிட்டுப் போனார்கள். அதோடு சரி. மனு மேல் மனு போனது, பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. பள்ளிக்கு வருகிற வருட மானியம் சுண்ணாம்புக்கும் சாக்பீசுக்குமே இழுத்துப் பிடிக்கும். பெண் பிள்ளைகள் காலையில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திக்கொண்டார்கள். ஜெயராணியின் மகள் ஜான்சிக்கு அப்போது எட்டாம் வகுப்பு. நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சல் ஏறி, சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆனது. மகள் கையில் டிரிப்ஸ் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் ஜெயராணிக்குக் கோபம் வந்தது. பெற்றோர் கூடித் தலைவரைத் தேர்ந்தெடுத்த நாளில், யாராவது தன் பெயரைச் சொல்வார்கள் என்று அவள் காத்திருக்கவில்லை. அவளே எழுந்து சொல்லிக்கொண்டாள்.

பணத்துக்கு வழி காட்டியவர் தலைமையாசிரியர் திருநாவுக்கரசு. நல்ல மனிதர், வருகிற மே மாதம் ஓய்வு. பத்தாம் வகுப்பில் தொடர்ந்து இரண்டு வருடம் நூறு சதவீதத் தேர்ச்சி காட்டியவர். பள்ளியின் பழைய மாணவரும், கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பெரிய ஹார்டுவேர் கடை வைத்திருப்பவருமான தேவநாதனைச் சுதந்திர தின விழாவுக்கு அழைத்து வந்தார். தேவநாதன் மைக்கைப் பிடித்தார்.

"மூணாவது வருஷமும் நூறு எடுத்துக் காட்டுங்க. பொண்ணுங்களுக்கு டைல்ஸ் போட்ட டாய்லெட் என் சொந்தச் செலவுல கட்டித் தர்றன்."

கூட்டம் கை தட்டியது. எல்லாரையும்விட ஜாஸ்தி நேரம் தட்டியவள் ஜெயராணி.

அரையாண்டுத் தேர்வு முடிந்தது. பத்தாம் வகுப்பில் முப்பத்தொரு பேர். முப்பது பேரைத் தள்ளிக்கொண்டு போயாவது கரையேற்றிவிடலாம் என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். இடித்தது ஒருத்திதான், வினோதினி. தலைமையாசிரியர் ஜெயராணியைத் தன் அறைக்கு வரச் சொன்னார்.

"பொதுத்தேர்வுக்குப் பேர் அனுப்ப இந்த வாரம்தான் கடைசி. அந்தப் பொண்ணு நாலு பாடத்துல போயிருக்குது. தம்பி பொறந்தப்ப ரெண்டு வருஷம் ஸ்கூலுக்கே ஒழுங்கா வரல. இப்பவும் எழுத்துக் கூட்டித்தான் படிக்குது. அவுங்க அம்மாகிட்ட பேசி டி.சி. வாங்கிக்கச் சொல்லுங்கம்மா. அடுத்த வருஷம் பிரைவேட்டா எழுதட்டும். நாங்க சொன்னா தப்பாயிடும். நீங்க பேசினா கேப்பாங்க."

ஜெயராணி மனதுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தாள். ஒரு பிள்ளைக்கு ஒரு வருடம் தள்ளிப்போகும். மற்ற எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் கழிப்பறை வரும். இதைவிடக் கஷ்டமான சரக்கையெல்லாம் அவள் விற்றிருக்கிறாள். சரி என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தாள்.

வினோதினியின் அம்மா இருசம்மாள் அண்ணாமலை நகரில் ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் வேலை செய்கிறவள். ஜெயராணி போன நேரம் அப்போதுதான் வேலை முடிந்து வந்து, வாய்க்கால் ஓரத்து ஷீட் வீட்டின் வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். ஜெயராணி அரை மணி நேரத்துக்குப் பேச்சுத் தயார் செய்து வைத்திருந்தாள். பிள்ளைக்கு இது நல்லது, அவசரமில்லாமல் படிக்கலாம், ஒரு வருடம் ஓடிவிடும் என்று ஆரம்பித்தாள்.

"சரிக்கா," என்றாள் இருசம்மாள். "நாலும் தெரிஞ்சவங்க கூடிதான சொல்றீங்க. எங்க கையெழுத்து போடணும்?"

இப்படி மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் கிடைத்தால் ஜெயராணிக்கு அன்றைக்குக் கொண்டாட்டம். இன்றைக்கு ஏனோ சந்தோஷம் வரவில்லை. வினோதினி உள்ளேயிருந்து ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். யூனிஃபார்மை இன்னும் மாற்றவில்லை.

"நாளையிலேருந்தே வர வேணாமா ஆன்ட்டி?"

"டி.சி. வாங்கிட்டா வர வேணாம்மா."

பெண் கொஞ்சம் யோசித்தாள். அழவில்லை. அம்மாவின் பக்கம் திரும்பி, நல்ல செய்தி சொல்கிற மாதிரி, "அப்ப இனிமே காலைல தண்ணி குடிக்கலாம்மா," என்றாள்.

ஜெயராணிக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் வந்த கோபம் திரும்ப வந்தது, இந்த முறை தன் மேலேயே. யாருக்காகக் கழிப்பறை வேண்டும் என்று இத்தனை நாளாகத் தொண்டை கிழியக் கத்தினாளோ, அவளை வெளியே அனுப்பிவிட்டு அதைக் கட்டுவதற்குத்தான் இப்போது ஸ்கூட்டியில் வந்திருக்கிறாள். சொம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"கையெழுத்தும் வேணாம், ஒண்ணும் வேணாம். வினோதினி, நாளைக்கு ஸ்கூலுக்கு வா. நீ இந்த வருஷமே எழுதுற."

இருசம்மாளுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னாக்கா, இப்பத்தான டி.சி. வாங்கச் சொன்னீங்க?"

"சொன்னன். தப்பா சொல்லிட்டன்."

மறுநாள் காலை தலைமையாசிரியரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அப்ப டாய்லெட்?"

"அதுவும் வேணும் சார்."

"ரெண்டும் நடக்காதும்மா."

"நடக்குதா இல்லியான்னு பாத்துடலாம். கமிட்டியக் கூட்டுங்க."

வெள்ளிக்கிழமை மதியம் குழு கூடியது. வந்தவர்களில் பெரும்பாலும் அம்மாக்கள். ஜெயராணி நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். முதலில் எழுந்தவள் மாரியம்மாள். அதே பள்ளியில் இரண்டு பெண்களைப் படிக்க வைக்கிறவள்.

"ஒரு பொண்ணுக்காக எங்க புள்ளைங்க எல்லாம் சாயங்காலம் வரைக்கும் அடக்கிகிட்டு கெடக்கணுமா? உம் பொண்ணு ஆஸ்பத்திரில கெடந்தத மறந்துட்டியா?"

நியாயமான கேள்விதான்.

"மறக்கலக்கா. உங்க சின்னவ ஏழாவதுதான? கணக்கு எப்படிப் போடுது?"

"அது கெடக்கு. என்னத்தப் போடுது."

"அவ பத்தாவது வர்றப்ப டாய்லெட் இருக்கும். டைல்ஸ் கூட போட்டிருப்பாங்க. அப்பவும் நூறு வேணும்பாங்க. அன்னிக்கு உங்க வாசல்ல டி.சி. வாங்கிக்கச் சொல்லி யாராச்சும் வந்து நிப்பாங்க. என்னா சொல்லி அனுப்புவீங்க?"

மாரியம்மாள் உட்கார்ந்துவிட்டாள். ஒத்துக்கொண்டாள் என்று சொல்ல முடியாது, முகம் கடுகடுவென்றுதான் இருந்தது. கணக்கு ஆசிரியர் சார்லஸ் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"பேர் போவட்டும். சாயங்காலத்துல நான் உக்கார வச்சு சொல்லித் தர்றன். ஆனா பாஸ் பண்ணிடுவான்னு சத்தியம் பண்ண மாட்டன்."

பாதிப் பேர் மனதாரவும் பாதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டும் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டார்கள். வினோதினியின் பெயர் போனது.

அடுத்த நாளே ஜெயராணி கடலூருக்கு பஸ் ஏறினாள். தேவநாதன் அவளை உட்கார வைத்து டீ வரவழைத்தார். நூறு வராவிட்டாலும் கட்டித் தர வேண்டும் என்று அவள் தனக்குத் தெரிந்த வித்தையையெல்லாம் காட்டினாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"மேடம், நான் ஊரறிய மைக்குல சொன்னது நூறு. ஜெயிக்கிற ஸ்கூலுக்குச் செய்யிறதுன்னு ஒரு பழக்கம் வச்சிருக்கன். கொறஞ்சாலும் செஞ்சிடுவன்னா, நூறு எடுக்கணும்னு யாரு கஷ்டப்படுவாங்க?"

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் ஜெயராணிக்கு எரிச்சலாக இருந்தது. கெட்டவராக இருந்தால் நன்றாக நாலு வார்த்தை திட்டிவிட்டாவது வந்திருக்கலாம்.

அதற்குப் பிறகு வினோதினிக்கு விடுதலையே இல்லை. பள்ளி விட்டதும் சார்லஸ் பிடித்துக்கொள்வார். அவர் விட்டால் ஜெயராணி வீட்டில் ஜான்சி பிடித்துக்கொள்வாள். தமிழும் சமூக அறிவியலும் வாய்விட்டுப் படித்துப் படித்து வந்துவிட்டன. ஆங்கிலம் நொண்டிக்கொண்டு வந்தது. அறிவியலில் படம் வரைந்தே பாதி மதிப்பெண்ணைத் தேற்றினாள். கணக்கு மட்டும் வருவதும் போவதுமாக இருந்தது. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் இருசம்மாளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ஜெயராணியிடம் பாலிசி போடுவதாகச் சொல்லியிருந்த இரண்டு வீடுகள் வேறு ஏஜென்டிடம் போயின. போகட்டும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, நூறெல்லாம் கேக்கல, முப்பத்தஞ்சு போதும்," என்று வேண்டிக்கொண்டாள்.

மே மாதம் முடிவு வந்த காலையில், தலைமையாசிரியர் அறையில் கம்ப்யூட்டர் முன்னால் அவரும் சார்லசும் ஜெயராணியும் இருந்தார்கள். சார்லஸ் ஒவ்வொரு பெயராகப் பார்த்துக்கொண்டே வந்தார். எல்லாம் தேர்ச்சி. கடைசிப் பெயர் வினோதினி. நான்கு பாடம் தேறியிருந்தாள். கணக்கில் இருபத்தெட்டு.

"எஞ் சப்ஜெக்ட்டுலயே போயிட்டா," என்றார் சார்லஸ். எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

போன் அடித்தது. தேவநாதன். திருநாவுக்கரசு மற்ற இருவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன சார், நூறுதான? பேனருக்குச் சொல்லிடவா?"

"இல்ல சார். ஒரு பொண்ணு கணக்குல போயிடுச்சு."

"அடடா. ரெண்டு வருஷமா எடுத்துட்டு வந்தீங்களே சார்."

தலைமையாசிரியருக்கு இன்னும் சில நாள்தான் சர்வீஸ். பேசாமல் இருந்திருந்தால் நல்ல பெயரோடு மாலை போட்டு அனுப்பியிருப்பார்கள்.

"அதெல்லாம் நூறு இல்ல சார். மொத வருஷம் ரெண்டு பேரு, போன வருஷம் மூணு பேரு, டி.சி. குடுத்து அனுப்பிட்டுத்தான் நூறு காட்டினன். யாரையும் அனுப்பாம எல்லாரும் எழுதினது இந்த வருஷம்தான். என்னக் கேட்டா, இதான் சார் நல்ல ரிசல்ட்டு."



"சொன்ன சொல்லு நூறுக்குத்தான் சார்," என்றார் தேவநாதன் தணிந்த குரலில். போனை வைத்துவிட்டார்.

ஜெயராணி தலைமையாசிரியரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஐந்து பேரைப் பற்றி அவளுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. திட்ட வேண்டும் போலவும் இருந்தது, கும்பிட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"அந்த அஞ்சு பேரும் பரீட்சை எழுதினாங்களா சார்?"

"இல்லம்மா. ரெண்டு பொண்ணுங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. பசங்க எறா வளக்குற பண்ணைக்கு வேலைக்குப் போறாங்க."

"வினோதினி துணைத் தேர்வு எழுதணும். அவளோட சேத்து அவுங்களையும் எழுத வைக்கணும். நீங்க ரிடையர் ஆயிட்டாலும் வீடு வீடா எங்கூட வரணும், சொல்லிட்டன். சார்லஸ் சார், கிளாஸ்ல இப்ப ஆறு பேரு."

சார்லஸ் ஜன்னலிலிருந்து திரும்பித் தலையாட்டினார். திருநாவுக்கரசு, "வர்றன்மா," என்றார்.

ஜெயராணி வெளியே வந்து, பெருக்கல் குறி போட்ட சுவருக்கு எதிரில் வேப்பமர நிழலில் நின்று, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் தட்டினாள்: 'நூறு வரவில்லை. தேவநாதன் சார் கட்டித் தர மாட்டார். திங்கள்கிழமை கடலூர் கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் கூட்டம். டாய்லெட் கட்டுகிற வரைக்கும் வாராவாரம் போகப் போகிறேன். யார் யார் வருகிறீர்கள்?'

படித்துவிட்டார்கள் என்று நீல டிக் விழுந்துகொண்டே இருந்தது. பதில் மட்டும் வரவில்லை. எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் பால் பொங்கியிருக்கும் போல. தன் ஒருத்திக்கு மட்டும் பஸ் டிக்கெட் எடுப்பது என்று ஜெயராணி முடிவு செய்துவிட்டாள்.

அப்போது குழுவில் ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. தட்டத் தெரியாத இருசம்மாள் பேசி அனுப்பியிருந்தாள். பின்னால் மெஸ் பாத்திரங்களின் சத்தம்.

"எக்கா, நான் வர்றன். மெஸ்ஸுல லீவு சொல்லிட்டன். வாராவாரம்னாலும் வர்றன். எம் பொண்ணுக்கு இனிமே அந்த ஸ்கூலு கெடயாதுதான். அதனால என்னா, அங்க இருக்கிறதும் பொண்ணுங்கதான?"

ஜெயராணி அதை இரண்டாவது முறை கேட்டுக்கொண்டிருந்தபோது, கீழே மாரியம்மாளின் பெயரில் ஒரு வரி வந்தது.

'எத்தன மணி பஸ்சு?'