தனியே பாட முடியாத பாட்டு

தக்ஷாயினி கொழும்புக்குப் போனது கணக்கியல் படிக்க. குருக்கள்மடத்தில் யார் கேட்டாலும் அவளுடைய அம்மா கண்ணகை அதைத்தான் சொன்னாள். அதில் பொய்யில்லை. மகள் விரிவுரைகளுக்குப் போனாள், பரீட்சைகளில் சித்தியடைந்தாள். ஆனால் அந்த நகரத்தில் வாரம் முழுவதும் எதற்காகக் காத்திருந்தாய் என்று அவளையே கேட்டிருந்தால், சனிக்கிழமைப் பின்னேரங்களுக்காக என்றுதான் சொல்லியிருப்பாள்.

வெள்ளவத்தையில் அவளோடு ஒரே அறையில் இருந்தவள் நிருஷா, திருகோணமலைப் பெண். பம்பலப்பிட்டியில் ஒரு பாடகர் குழுவில் பாடிக்கொண்டிருந்தாள். ஒரு சனிக்கிழமை மழை விடாமல் பெய்தது. தனியே போகச் சோம்பல்பட்டுத் தக்ஷாயினியையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனாள். மண்டபத்தின் கடைசிக் கதிரையில் கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தவளை, குழுவை நடத்திய டெரன்ஸ் சைகை காட்டிக் கூப்பிட்டார். பியானோவில் ஒரு சுரத்தைத் தட்டிப் பாடச் சொன்னார். பிறகு அதற்குக் கீழே ஒன்று, அதற்கும் கீழே ஒன்று. இவள் குரல் இறங்க இறங்க அவருடைய முகம் மலர்ந்துகொண்டே போனது. அப்படியே தோளைத் தொட்டுக் கொண்டுபோய், அல்டோ என்ற கீழ்க்குரலில் பாடும் பெண்களின் நடுவில் நிறுத்தினார்.

அவளுக்கு நம்ப முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் சரஸ்வதி பூசைக்குப் பாட ஆள் எடுக்கும்போதெல்லாம் அவள் பின்வரிசைக்குப் போய்விடுவாள். ஆம்பிளைக் குரல் என்று பெயர். அந்தக் குரலைத்தான் இங்கே தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அந்தக் குழு நாலு குரலில் பாடும். பெண்களில் மேற்குரல்காரர் மெட்டைப் பாடுவார்கள். அதற்குக் கீழே அல்டோ. அதற்கும் கீழே ஆண்களின் இரண்டு குரல்கள். அல்டோவுக்கென்று அழகான மெட்டு எதுவும் கிடைக்காது. ஒரே சுரத்தில் நெடுநேரம் நிற்க வேண்டும், ஒரு படி இறங்க வேண்டும், மறுபடி ஏறி அதே இடத்தில் நிற்க வேண்டும். முதல் இரண்டு கிழமையும் இது என்ன பாட்டு என்றுதான் அவளுக்குத் தோன்றியது. மூன்றாவது கிழமை டெரன்ஸ் நாலு குரலையும் ஒன்றாகச் சேர்த்தார். தன் தொண்டையிலிருந்து போன அதே மொட்டைச் சுரம் மற்ற மூன்றுக்கும் நடுவே போய் உட்கார்ந்ததும், அந்த மண்டபமே வேறு இடமாகிவிட்டது. எது தன் குரல், எது பக்கத்தில் நிற்பவளின் குரல் என்று அவளால் பிரிக்க முடியவில்லை. மயிர்க்கூச்செறிந்தது. பாட்டு முடிந்த பிறகும் அவள் வாயைத் திறந்தபடி நின்றாள் என்று நிருஷா பல நாள் சொல்லிச் சிரித்தாள்.

அதன் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. காலி வீதி பஸ்ஸில் யன்னலோரம் இருந்து தன் வரியை முணுமுணுத்தாள். உடுப்புத் தோய்க்கும்போது முணுமுணுத்தாள். இசைத்தாள் வாசிக்கத் தானாகவே படித்துக்கொண்டாள். வீட்டுக்கு மட்டும் "சங்கீத கிளாசுக்குப் போறன் அம்மா" என்று சொல்லி வைத்தாள். மேலதிகமாக விளக்கப் போனால் அம்மாவுக்கு விளங்காது என்று நினைத்தாள்.

படிப்பு முடிந்ததும் ஊருக்குத் திரும்பும் எண்ணம் அவளுக்கு இருக்கவில்லை. கொழும்பில் ஒரு கணக்காய்வு நிறுவனம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தது. குழுவும் ஒரு பெரிய கச்சேரிக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் அம்மாவின் தொலைபேசி வந்தது.

"மகள், அப்பா வட்டைக்குள்ள விழுந்து போனார். கையும் காலும் இழுத்திற்று. கதையும் வருகுதில்ல. நீ உடன வா மனே."

அப்பா நல்லரத்தினம் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், வட்டை என்று அவர்கள் சொல்லும் வயல்களில் வேளாண்மை செய்தவர். வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு கட்டிலில்தான் கிடந்தார். அவரைப் புரட்டிப் போடவே இரண்டு பேர் வேண்டும். தக்ஷாயினிக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. நேர்முகத்துக்கும் போகவில்லை, கச்சேரிக்கும் போகவில்லை. பட்டதாரிகளுக்கு அரசு கொடுத்த வேலைகளில் ஒன்று படுவான்கரையில் ஓர் அரச அலுவலகத்தில் அவளுக்குக் கிடைத்தது. காலையில் அப்பாவைத் துடைத்துவிட்டு, குருக்கள்மடத் துறையில் பாதை ஏறி வாவியைக் கடப்பாள். மனிதரையும் மோட்டார் சைக்கிளையும் ஒன்றாக ஏற்றிச் செல்லும் அந்த மிதவைக்கு அங்கே பாதை என்றுதான் பெயர். பின்னேரம் அதிலேயே திரும்புவாள்.

நிருஷா குழுவின் ஒலிப்பதிவுகளை அனுப்பினாள். தக்ஷாயினி காதில் செருகிக்கொண்டு குசினியில் நின்று அல்டோ வரியைப் பாடினாள்.

"என்ன புள்ள இது?" என்றாள் அம்மா. "பாட்டும் இல்ல, ஒப்பாரியும் இல்ல. ஆரும் கேட்டா என்ன நினைப்பாங்க?"

அம்மாவுக்கு ஒரே கவலைதான். வீட்டில் ஓர் ஆண்துணை வேண்டும், மகளுக்கு ஒரு கலியாணம் ஆக வேண்டும். களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வங்கியில் வேலை. தரகரிடம் மகளின் பெருமையைச் சொல்லும்போது, கொழும்பில் பாட்டும் படித்தவள் என்று அம்மா சேர்த்துச் சொல்லிவிட்டாள். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் தாய் அதையே பிடித்துக்கொண்டாள்.

"கொழும்பில படிச்ச பாட்டில ஒண்டப் படிங்களன் மகள், கேப்பம்."

ஒரு தேவாரத்தைப் பாடிவிட்டு எழுந்திருக்கலாம். அவளுக்கு எத்தனையோ தேவாரம் மனப்பாடம். ஆனால் கொழும்பில் படித்த பாட்டு என்று கேட்டதும், எத்தனையோ மாதமாக நெஞ்சில் அடைத்துக் கிடந்தது அப்படியே மேலே வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். அவளுடைய தலைக்குள் மற்ற மூன்று குரலும் கேட்டன. கூடவே அந்தப் பம்பலப்பிட்டி மண்டபமும் வந்தது. அறையிலிருந்தவர்களுக்குக் கேட்டதோ, தடித்த ஒரு குரல் தெரியாத பாஷையில் ஒரே இடத்தில் நின்று இழுத்ததுதான். மாப்பிள்ளை தன் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் பாடி நிறுத்தினாள்.

"முடிஞ்சிதா?" என்றாள் அந்தத் தாய்.

"ஓம்."

"அது என்ன பாசை மகள்?"

"லத்தீன்."

"வேதக்காரர்ர பாட்டா?"

"ஓம், அவங்கட சேர்ச்சில படிக்கிறது. ஆனா எங்கட குழுவில எல்லா ஆக்களும்..."

அம்மா அவசரமாகத் தேத்தண்ணித் தட்டத்தை நீட்டினாள்.

அவர்கள் போன பிறகு அம்மா குசினிப் படியில் இருந்து அழுதாள். "உனக்கு ஒரு தேவாரம் வராதாடி?"

"வரும்."

"மறுகா ஏன் அதப் படிக்கல்ல?"

தக்ஷாயினி தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக் கழுவத் தொடங்கினாள். அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது.

இதற்குப் பிறகு அவள் அடங்கியிருந்திருக்கலாம். ஆனால் அன்றைக்குத் தன் குரல் அந்த அறையில் எவ்வளவு அநாதையாக ஒலித்தது என்பதை அவளும் கேட்டிருந்தாள். இன்னும் மூன்று பேர் கிடைத்தால் போதும் என்ற எண்ணம் அவளைப் பிடித்து ஆட்டியது. மட்டக்களப்பு டவுனில் ஒரு தேவாலயத்துப் பாடகர் குழுவை விசாரித்துக்கொண்டு போனாள். அதை நடத்தியவர் பீலிக்ஸ் என்ற ஆசிரியர்.

"முந்தி நாலு குரலிலயும் படிச்ச ஆக்கள் இருந்தவங்க தங்கச்சி," என்றார். "எல்லாரும் வெளிநாட்டுக்குப் போயிற்றாங்க. இப்ப கீபோட்டும் நாங்களும்தான். எல்லாரும் ஒரே மெட்டுத்தான்."

"நான் எழுதித் தாறன் அண்ணன். நாலு பேர் போதும்."

பீலிக்ஸ் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். அவரும், அவருடைய மருமகனும், மேற்குரலுக்கு ஓர் இளம் தாயும், இவளும். ஞாயிறு பின்னேரங்களில் கூடினார்கள். மருமகனுக்குச் சுரம் நிற்காது. அந்தத் தாயின் குழந்தை இடையில் அழும். இவளும் இடையிடையே அவர்களுக்கு உதவ மெட்டையே சேர்ந்து பாடவேண்டி வந்தது. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரே ஒரு வரியில், நாலும் சேர்ந்துவிட்டன. பாடி முடித்ததும் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மருமகன்தான் முதலில் சிரித்தான். "இன்னொருக்கா!" என்றான்.

அடுத்த ஞாயிறு அவர்கள் கூடவில்லை. அதற்கு முன்பே ஊருக்குள் கதை பரவியிருந்தது. நல்லரத்தினத்தாரின் மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்துக்குப் போகிறாள், கொழும்பிலேயே மாறிவிட்டாளாம், களுவாஞ்சிக்குடியார் பெண் பார்க்க வந்த அன்று அவர்கள் முன்னாலேயே ஜெபம் பாடினாளாம். பீலிக்ஸ் தொலைபேசியில் பேசினார். அவருடைய குரல் இறங்கியிருந்தது.

"தங்கச்சி, இனி வராதீங்க. உங்கட ஊரால ரெண்டு பேர் வந்து பாதரிட்ட சத்தம் போட்டுத்துப் போறாங்க. நாங்க உங்கள மதம் மாத்துறமாம்."

"நான் மாறல்ல அண்ணன்."

"அது எனக்குத் தெரியும். அவங்களுக்கு எப்பிடிச் சொல்ற?"

அன்று பின்னேரம் அவள் வேலையிலிருந்து வந்து அப்பாவுக்குச் சோறு குழைத்துக்கொண்டு கட்டிலருகே இருந்தாள். அவருக்குப் பேச்சு வராதே தவிர எல்லாம் விளங்கும்; ஊர்க்கதை அவர் காதிலும் விழுந்திருந்தது. அவள் கையை நீட்டியதும் அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

"அப்பா, நான் பாடத்தான் போனன். வேற ஒண்டுக்கும் இல்ல."

அவர் திரும்பவில்லை. இடக்கையைத் தூக்கி, மெதுவாகத்தான், கோப்பையைத் தள்ளினார். சோறு பாயில் சிந்தியது. அதன் பிறகு அம்மா ஊட்டினால் மட்டும் சாப்பிட்டார். புரட்டிப் போடவும் துடைக்கவும் மகளை விட்டார், ஏனென்றால் தடுக்க அவரால் முடியாது. அப்போதெல்லாம் அவர் கண்களை மூடிக்கொள்வது அவளுக்குத் தெரிந்தது.

அவள் பாட்டை விட்டாள். ஒலிப்பதிவுகளையும் கேட்கவில்லை. நிருஷா அவுஸ்திரேலியாவுக்குப் போய்ச் சேர்ந்து ஒரு படம் அனுப்பினாள். அதற்கு ஒரு வாழ்த்தை மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிட்டாள்.

அடுத்த வருடம் ஒரு பயிற்சிக்காக அலுவலகம் அவளைக் கொழும்புக்கு அனுப்பியது. பயிற்சி முடிந்தது ஒரு சனிக்கிழமை மத்தியானம். இரவு பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பம்பலப்பிட்டியில் இறங்கினாள். மண்டபத்து வாசலில் டெரன்ஸ் அவளைக் கண்டதும் ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். யாரோ ஓர் இசைத்தாளைக் கையில் திணித்தார்கள். அல்டோ வரிசையில் முக்கால்வாசிப் பேர் புதியவர்கள். அவள் முன்பு நின்ற இடத்தில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை நின்றாள். அந்தப் பிள்ளை நகர்ந்து இடம் விட்டாள்.

பாட்டுத் தெரிந்த பாட்டுத்தான். தொடக்கம் சரியாக வந்தது. மேற்குரல்காரர் சேர்ந்ததும் அவளுடைய குரல் அவர்களோடு ஏறிப் போய்விட்டது. டெரன்ஸ் கையை உயர்த்தி நிறுத்தினார். அல்டோவில் யாரோ மெட்டுக்குப் போகிறீர்கள் என்றார். மறுபடி தொடங்கினார்கள். அவள் தன் சுரத்தைத் தேடினாள். முன்பெல்லாம் தேடாமலே காலடியில் கிடந்த சுரம். மறுபடியும் ஏறிவிட்டாள். டெரன்ஸ் இம்முறை அவளைப் பார்க்காமல் தாளைப் பார்த்தபடி, முதலில் பக்கத்தில் இருப்பவரைக் கேளுங்கள் என்றார். எல்லாரும் காத்து நின்றார்கள். பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளை அவளுடைய காதருகே வந்து, அந்தச் சுரத்தை மெல்ல முனகிக் காட்டினாள். இரக்கத்தோடுதான் காட்டினாள். தக்ஷாயினி தலையாட்டினாள். அதன் பிறகு அவள் பாடவில்லை. தாளைப் பிடித்தபடி, தன்னைச் சுற்றி நாலு குரலும் சேர்ந்து எழுவதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் இல்லாமலே எல்லாம் சரியாக இருந்தது.

இடைவேளையில் தேநீர் குடிக்க எல்லாரும் வெளியே போனபோது இசைத்தாளைக் கதிரையில் வைத்துவிட்டு, டெரன்ஸிடம் சொல்லாமல் வீதிக்கு இறங்கினாள்.

திங்கட்கிழமை காலை வழக்கம்போலப் பாதை ஏறினாள். காற்றில் வாவித் தண்ணீர் பலகைக்கு மேலே அடித்துச் செருப்பை நனைத்தது. யாரோ ஒரு பெண் ஒதுங்கி நிற்க இடம் காட்டினாள். இவள் நின்ற இடத்திலேயே நின்றாள். அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி யசோதினி விசாரித்தாள்.

"கொழும்பு எப்பிடி கா?"

"சரியான வெக்கை."

"ஒரு இடமும் சுத்திப் பாக்கல்லயா?"

"இல்ல," என்றாள் தக்ஷாயினி. "நேரம் கிடைக்கல்ல."

வெளியே வாங்குப் பலகையில் ஆட்கள் காத்திருந்தார்கள். அவள் கதவடிக்குப் போய் முதலாவது ஆளைக் கூப்பிட்டாள்.