நாலாம் நம்பர் கிளிப்

கொட்டாஞ்சேனையில இருந்து பார்க் குளத்துக்கு த்ரீவீலரில இருபது நிமிசம். அண்டைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல எடுத்தது. சண்டைக் காலம்; மூண்டு இடத்தில ஆமிக்காரன் மறிச்சான். மூண்டு இடத்திலயும் கொன்ஸ்ரன்ஸ் பெட்சீற்றை அவிழ்த்துக் கப்பலைக் காட்டினாள். மூண்டு இடத்திலயும் அவள்ட புருசன் றேமண்ட் பல்லைக் காட்டினார். "கிளப் சேர், விளையாட்டுக் கப்பல் சேர்." சிரிக்கிறதுக்கு இதில என்ன கிடக்குது எண்டு கொன்ஸ்ரன்சுக்கு அங்கயே பத்திக்கொண்டு வந்தது.

கப்பல் எண்டால், ரெண்டடி நீளத்தில, றிமோட்டில ஓடுற ஒரு டக். ஹாபரில பெரிய கப்பலுகளை இழுத்துக்கொண்டு வருமே, அந்தச் சாதி. ஹாபர் வேர்க்‌ஷொப்பில வேலை செய்யிற மனுசன், அதைப் பாத்துப் பாத்து, பால்மா ரின்னை வெட்டி ஒட்டி, ரெண்டு வருசமாச் செய்தது. முன்பக்கத்தில வெள்ளை இங்கிலீசு எழுத்தில 'கொன்ஸ்ரன்ஸ்' எண்டு போட்டிருந்தார். "என்ட பேரை ஏன் போட்டனீங்க, கண்டவன் நிண்டவன் எல்லாம் வாசிக்கவோ?" எண்டு ஏசினவள் அவள்தான். அவர் வேலைக்குப் போன பிறகு தனிய நிண்டு அந்த எழுத்தைத் தடவிப் பாத்தவளும் அவள்தான். வருசத்துக்கு ஒருக்காத்தான் கிளப்பில சனத்துக்கு முன்னால கப்பல் விடுற நாள். இண்டைக்கு அதை றேமண்ட் தன்ட கையால, தன்ட பேரில ஓட்டவேணும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

குளக்கரையில கிளப்பின்ட பலகை. பலகையில நம்பர் எழுதின உடுப்புக் கிளிப்புகள். எல்லாம் கொன்ஸ்ரன்சின்ட கொடியில இருந்து களவுபோனதுகள். றேமண்ட்தான் கழட்டிக்கொண்டு வந்து பெயின்ற் அடிச்சு நம்பர் போட்டவர். ஒவ்வொரு றிமோட்டுக்கும் ஒரு அலைவரிசை நம்பர்; ரெண்டு மூண்டு றிமோட்டுக்கு ஒரே நம்பரும் வரும். ஒரே நம்பர் றிமோட் ரெண்டைச் சேத்துப் போட்டால் ரெண்டு கப்பலும் ஒருத்தன்ட சொல்லும் கேக்காது. அதால அந்த நம்பர் கிளிப்பைச் சட்டையில குத்தினவன் மட்டும்தான் சுவிட்சைப் போடலாம். கிளிப் இல்லாமல் சுவிட்சில கைவைச்ச பழைய தலைவரையே ஒருக்கா றேமண்ட் வீட்டுக்கு அனுப்பினவர். மற்ற எல்லாத்துக்கும் தலையாட்டுற மனுசன், அந்த ஒரு விசயத்தில மட்டும் அசையமாட்டார்.

றேமண்ட் நாலாம் நம்பர் கிளிப்பைக் குத்திக்கொண்டு நிமிர, செக்ரட்டறி அபேரத்ன வந்து தோளில கையைப் போட்டார்.

"மச்சான், ஒரு சின்ன விசயம்," எண்டார் சிங்களத்தில. "பொலிசுக்கு எல்லாற்ற பேரும் குடுக்கவேண்டி வந்தது. உன்ட தமிழ்ப் பேரைப் போட்டால் பெர்மிஷன் இழுபடும், தெரியும்தானே. அதால உன்ட கப்பலை ருவன்ட பேரில போட்டிருக்கு. அவனே ஓட்டட்டும். இண்டைக்கு மட்டும்."

ருவன் அவற்ற மருமகன். போன மாசம் கிளப்பில சேந்தவன். றேமண்ட் சேந்து எட்டு வருசம்.

இப்ப வெடிப்பார், இப்ப வெடிப்பார் எண்டு கொன்ஸ்ரன்ஸ் மனுசன்ட முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டாள். அவர் "ஓம் ஓம், பிரச்சினையில்ல" எண்டு றிமோட்டைத் தூக்கி ருவன்ட கையில குடுத்தார்.

"சோத்தில உப்புப் போட்டுத்தான் தின்னுறனீங்களோ?"

"மெல்லக் கதையும். ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும்! பாக்கத்தானே சனத்தைக் கூப்பிட்டவங்கள்."

"கிளிப்பையும் குடுக்கோணும்" எண்டு அவர் சட்டையில கைவைக்க, அவள் முந்திக்கொண்டு பிடுங்கித் தன்ட சீலையில குத்தினாள். "இது என்ட கொடிக் கிளிப். இதுக்கும் பெர்மிஷன் எடுத்தவரோ எண்டு கேளுங்கோ."

அபேரத்ன சிரிச்சார். "மிசிஸ் வச்சிருக்கட்டும். ஒரு உடுப்புக் கிளிப்தானே."

பேரை வெட்டினதுக்கு மாறாத றேமண்டின்ட முகம் அதுக்கு மாறிச்சு. "சேர், கிளிப் இல்லாமல் ஒருத்தரும் போடக்கூடாது. உங்கட வெள்ளைக் கப்பலும் நாலாம் நம்பர்."

"தெரியும், தெரியும்" எண்டு அவர் போயிட்டார்.

டக் ஓடிச்சு. "ருவன் செய்த டக்!" எண்டு மைக்கில சொன்னாங்கள். சனம் கைதட்டிச்சு. செய்தவராம்! ஒரு ரின்னை வெட்டியிருப்பானோ, கையில ஒரு கீறல் இருக்கோ? கொன்ஸ்ரன்சுக்கு அந்த மைக்கைப் பிடுங்கிக் குளத்துக்குள்ள எறியவேணும் போல இருந்தது. பக்கத்தில றேமண்டும் கைதட்டினார். அதைத்தான் அவளால பொறுக்கேலாமல் போச்சு.

பிரதம விருந்தினர் சொன்ன நேரத்துக்கு அரை மணித்தியாலம் முந்தி ஜீப்புகளோட வந்து இறங்கினார். அபேரத்னவுக்குக் கையும் ஓடேல்ல, காலும் ஓடேல்ல. அவற்ற வெள்ளைக் கப்பல் பூச்செண்டைக் கொண்டுபோய் மேடையடியில குடுக்கிறதாக ஏற்பாடு. டக் இன்னும் நடுக் குளத்தில. அபேரத்ன பலகைப் பக்கம் திரும்பியும் பாக்காமல் கப்பலைத் தண்ணியில விட்டிட்டு றிமோட்டைத் தூக்கினார்.

"போடாதீங்க! சுவிட்சைப் போடாதீங்க!"

ஹாபரில கிரேன் சத்தத்துக்கு மேலால கத்திப் பழகின றேமண்டின்ட குரல். குளக்கரை முழுக்கத் திரும்பிப் பாத்தது. அபேரத்ன போட்டிட்டார். வெள்ளைக் கப்பல் பேயறைஞ்ச மாதிரி ரெண்டு சுத்துச் சுத்திப்போட்டு நேர போய் மேடைக் காலில படார் எண்டு அடிச்சது. "குண்டு!" எண்டு ஆரோ கத்த, கதிரையெல்லாம் பிரண்டது. ஒருத்தருக்கும் ஒரு கீறலும் இல்லை. பூச்செண்டு மட்டும் மிதந்துகொண்டு கிடந்தது.

பொலிஸ் இன்ஸ்பெக்டர் அபேரத்னவைப் பிடிக்கேல்ல. றேமண்டின்ட கொலரைப் பிடிச்சார்.

"நடக்க முதல் உனக்கு எப்பிடித் தெரியும்?"

றேமண்ட் நம்பரைச் சொன்னார், றிமோட்டைச் சொன்னார், சீலையில கிடந்த கிளிப்பைக் காட்டினார். அந்தாள் ஐடென்ரிக் கார்ட்டைப் பாத்தார், லிஸ்ற்றைப் பாத்தார், அபேரத்னவைக் கூப்பிட்டார். "இவர் உங்கட ஆளோ?"

அபேரத்ன குளத்தைப் பாத்தார். "லிஸ்ற்றில பேர் இல்ல, சேர்."

"அட பாவி! வெட்டினது நீதானே! எட்டு வருசம் இந்த மனுசன்ட பலகையில கிளிப் எடுத்தனீ, நாக்குக் கூசேல்லையோ!" புறக்கோட்டையில பேரம் பேசிப் படிச்ச சிங்களம் முழுக்க அண்டைக்குக் கொன்ஸ்ரன்சின்ட வாயால வந்தது. கிளப்பில பதினாலு பேர். பதினாலு பேரும் சப்பாத்தைப் பாத்துக்கொண்டு நிண்டாங்கள். அவள் சீலையோட முழங்கால் தண்ணிக்குள்ள இறங்கி, கரைப்பக்கம் ஒதுங்கி வந்த டக்கைத் தூக்கிக்கொண்டு, றேமண்டை ஏத்தின பொலிஸ் ஜீப்பில தானும் ஏறினாள்.

ஸ்ரேஷனில ஒரு பொலிஸ்காரன் பெரிய கொப்பியை விரிச்சான். "பேர்?"

றேமண்ட் இந்தமுறை சிரிக்கேல்ல. "றேமண்ட் சவுந்தரநாயகம்" எண்டார், கிரேனுக்கு மேலால கத்துற அதே குரலில. பொலிஸ்காரன் எழுத்தெழுத்தாக் கேட்டு எழுதினான். அண்டைக்கு முழுக்க அந்தப் பேரை எழுதினது அவன் ஒருத்தன்தான்.

"மிசிஸின்ட பேர்?"

கொன்ஸ்ரன்ஸ் மடியில தண்ணி சொட்டிக்கொண்டு கிடந்த டக்கின்ட முன்பக்கத்து வெள்ளை எழுத்தை அவன்ட மூஞ்சிக்கு நேர திருப்பிப் பிடிச்சாள்.