எல்லா ஊரும் பச்சை

அலுவலகத்தில் அவளுக்குப் பாம்புக்காது என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனால் பாம்புக்காது ஆயிற்றே, முதுகுக்குப் பின்னால் சொல்வதும் எட்டிவிடும். மாடியில் செருப்பைத் தேய்த்து நடப்பது யார், கேண்டீனில் யார் யாரைப் பற்றி வத்தி வைக்கிறார்கள் என்பதையெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிடுவாள். சோறு போடுகிற காது, என்ன பெயர் வைத்தால்தான் என்ன என்று அவளும் விட்டுவிட்டாள்.

அது பல நாடுகள் சேர்ந்து அமைத்த கண்காணிப்புக் குழு. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சனத்தையே வேரோடு அழிக்கப் பார்க்கிறார்கள் என்று உலகமெல்லாம் பேச்சு அடிபட்ட பிறகு, நாடுகள் கூடிக் கூடிப் பேசிக் கடைசியில் இந்தக் குழுவை அனுப்பி வைத்தன. குழு வந்து என்ன செய்தது? ஊருக்கு ஒரு ஃபோன் கொடுத்தது. செங்கல் மாதிரி கனமான கறுப்பு ஃபோன். யாரும் திருடி விற்றுவிடக் கூடாதென்று அதன் மணியை மாற்ற முடியாதபடி செய்திருந்தார்கள். மூன்று குட்டி மணி, அப்புறம் ஒரு நீள மணி. மலைக்கு அந்தப் பக்கம் வேறெந்த ஃபோனும் அப்படி அடிக்காது.

தினமும் மத்தியானம் அவளும் பக்கத்து இருக்கைக்காரரும் ஊர் ஊராகக் கூப்பிட்டு, ‘இன்னிக்கு ஏதாச்சும் நடந்துச்சா?’ என்று கேட்க வேண்டும். ஒன்றுமில்லை என்றால் சுவரில் இருக்கும் பெரிய படத்தில் அந்த ஊர் பச்சை. புகார் என்றால் மஞ்சள். கொலை என்றால் சிவப்பு. சிவப்பு விழுந்தால் பாலத்துக்குப் பக்கத்தில் முகாம் போட்டிருக்கும் குழுவின் படை வண்டிகள் கிளம்பலாம். ஆனால் கொலை நடந்ததை அந்த ஊரில் ஃபோன் வைத்திருப்பவரே தன் வாயால் சொல்ல வேண்டும். செத்தவரே வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று கேட்காத குறைதான்.

பக்கத்து இருக்கைக்காரரைக் குடைக்காரர் என்பார்கள். வெயிலோ மழையோ, கட்டடத்துக்குள்ளேயும் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடப்பார். வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம்.

முதலில் மாறியது உப்பளத்து ஊர். அங்கே ஃபோன் வைத்திருந்தவர் ஒரு வாத்தியார். எடுத்த எடுப்பிலேயே புலம்ப ஆரம்பித்துவிடுவார். அவர் புலம்பலைக் கேட்டு முடிப்பதற்குள் அவளுக்குக் காது காய்த்துப்போகும். ஒருநாள் அந்த ஃபோனில் வேறொரு குரல் வந்தது. மென்மையான, மரியாதையான குரல்.

“வாத்தியார் வெளியூர் போயிருக்காரும்மா. இனி நான்தான் பார்த்துக்கிறேன். இங்க எல்லாம் நல்லபடியா இருக்கு. நீங்க சாப்பிட்டீங்களா?”

உப்பளத்து ஊர் மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறியது. அடுத்து செங்கல்சூளை ஊர். அங்கே ஃபோன் ஒரு மருத்துவச்சியிடம் இருந்தது. அவளும் வெளியூர் போய்விட்டாளாம். கரகரத்த குரலில் யாரோ ஒருவர் சொன்னார். அப்புறம் ரயில் முடியும் ஊர், அங்கே ஒரு கிழவர் குரல். ஒவ்வொரு ஊராகப் பச்சையாகிக்கொண்டே வந்தது. மாடியில் இருந்த மேலதிகாரிகள் படத்தைப் பார்த்துப் பூரித்துப்போனார்கள்.

அவள் காது மட்டும் அதை நம்பவில்லை. மென்மையோ கரகரப்போ கிழமோ, பேசத் தொடங்கும் முன் அந்தக் குரல்கள் எல்லாம் ஒரே மாதிரி மூக்கால் ஒரு சின்ன மூச்சை இழுத்தன. சாப்பிட்டீங்களா என்று ஒரே அக்கறையோடு கேட்டன.

அவள் அண்ணன் ஆற்றோரத்து ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தான். அந்த ஊர் ஃபோன் அவனிடம்தான். மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். ஊரைவிட்டு வரும் சாலையில் தடுப்பு போட்டு ஆட்கள் நின்றார்கள். படை வண்டி கூட்டி வந்தாலொழிய யாராலும் அதைத் தாண்ட முடியாது.

“இன்னும் ஒண்ணும் நடக்கலை தங்கச்சி,” என்றான் அவன். “ஆனா மைதானத்துல இயந்திரம் வச்சுக் குழி தோண்டுறாங்க. எதுக்குன்னு கேட்டா கக்கூஸுக்காம். அவ்ளோ பெரிய கக்கூஸு போற அளவுக்கு இந்த ஊர்ல என்னத்தைச் சாப்பிட்டோம்?”

சிரிக்கத்தான் பார்த்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. குழி தோண்டுவதைப் புகாராக எழுதி அனுப்பினாள். ‘வளர்ச்சிப் பணி’ என்று திருத்தி, பச்சையாகத் திரும்பி வந்தது.

மறுநாள் மத்தியானம் அவள் உப்பளத்து ஊரைக் கூப்பிட்டாள். மென்மையான குரல் எடுத்து நலம் விசாரித்துக்கொண்டிருந்தபோது, அதன் பின்னால் மணி அடிப்பது கேட்டது. மூன்று குட்டி மணி, ஒரு நீள மணி. அவள் நிமிர்ந்து பார்த்தாள். குடைக்காரர் காதில் ஃபோனை வைத்துக்கொண்டு, யாராவது எடுப்பார்களா என்று காத்துக்கொண்டிருந்தார்.

“எந்த ஊரு?” என்று வாயசைத்துக் கேட்டாள்.

“செங்கல்சூளை,” என்று அவரும் வாயசைத்தார்.

இரண்டு ஊருக்கும் நடுவில் இன்னொரு மலை இருக்கிறது. அவள் சைகை காட்ட, அவர் ஃபோனை வைத்தார். இவள் காதில் மணி நின்றது. மறுபடி போடச் சொன்னாள். மணி அடித்தது.

“ஒரு நிமிஷம் இருங்கம்மா, யாரோ கூப்பிடுறாங்க,” என்றது மென்மையான குரல். ஃபோனை மேஜைமேல் வைக்கும் சத்தம். மூக்கால் மூச்சிழுக்கும் சத்தம். பிறகு சற்றுத் தள்ளி, கரகரத்த குரலில், “சொல்லுங்க சார், இங்க எல்லாம் நல்லபடியா இருக்கு. சாப்பிட்டீங்களா?”

குடைக்காரரின் கையிலிருந்து ஃபோன் நழுவியது. வாத்தியார் எந்த வெளியூருக்கும் போகவில்லை. அவருடைய ஃபோன், மருத்துவச்சியின் ஃபோன், எல்லாம் எங்கோ ஓர் அறையில் ஒரே மேஜையில் கிடக்கின்றன. எத்தனை நாளாக அந்த மனிதனுக்குச் சாப்பிட்டேன் சாப்பிட்டேன் என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்!

அவள் குழுவின் வக்கீலிடம் ஓடினாள். அவர் நல்ல மனிதர்தான். அவளை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். அவள் வாயைத் திறந்ததும் உள்ளங்கையைக் காட்டித் தடுத்தார்.

“வேண்டாம்மா. அதை எங்கிட்ட சொல்லாதீங்க.”

“சார், அங்க ஊர் ஊரா...”

“புரியுது. அதனாலதான் சொல்றேன். ஒரு சனத்தையே அழிக்கிறாங்கன்னு தெரிஞ்சா தடுத்தே ஆகணும்னு எல்லா நாடும் கையெழுத்துப் போட்டிருக்கு. தெரிஞ்சா பொறுப்பு வந்துடும். நான் கேட்டா குழுவுக்குத் தெரிஞ்ச மாதிரி. குழுவுக்குத் தெரிஞ்சா எல்லாருக்கும் தெரிஞ்ச மாதிரி. யாருமே இன்னும் அதுக்குத் தயாரா இல்லை.”

சொல்லிவிட்டு எழுந்து ஜன்னலைச் சாத்தினார். அந்தக் கட்டடத்தில் ஏன் இத்தனை தடித்த கம்பளங்கள், ஏன் எல்லாக் கதவும் சத்தமில்லாமல் சாத்திக்கொள்கின்றன என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கேட்பதற்கென்று சம்பளம் வாங்கும் அத்தனை பேரும் காதைப் பொத்திக்கொண்டு நடமாடுகிறார்கள். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அன்று அண்ணனைக் கூப்பிட்டபோது, குழி தோண்டி முடிந்துவிட்டது என்றான்.

அடுத்த நாள் நாடுகளின் பிரதிநிதிகள் வந்தார்கள். பெரிய கூடத்தில், நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார்கள். எல்லா ஊரும் பச்சை. இவ்வளவு சீக்கிரம் இப்படி ஓர் அமைதியா என்று குழுத் தலைவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். தலைவர் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

நரைத்த தலையோடு இருந்த ஓர் அம்மாள் ஆசையாகக் கேட்டார். “ஏதாவது ஒரு ஊரைக் கூப்பிட்டுக் காட்டுங்களேன். அந்த மக்கள் குரலை நாங்களும் கேட்கிறோம்.”

தலைவர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் குடைக்காரரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். உப்பளத்து ஊருக்கு ஃபோன் போட்டு, ஒலிபெருக்கியில் இணைத்து மேஜை நடுவில் வைத்தாள். மென்மையான குரல் கூடம் முழுக்கப் பரவியது.

“வணக்கம்மா. இங்க எல்லாம் நல்லபடியா இருக்கு.”

பிரதிநிதிகள் முகம் மலர்ந்தது. அவள் குடைக்காரரைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் செங்கல்சூளைக்குப் போட்டார். ஒலிபெருக்கிக்குள் மணி அடித்தது. அதை விட்டுவிட்டு ரயில் முடியும் ஊர். மறுபடி மணி. அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர். எங்கே கூப்பிட்டாலும் அதே அறையில் மணி அடித்தது. குடைக்காரர் ஒவ்வொரு ஊரின் பெயரையும் உரக்கச் சொல்லிவிட்டு எண்ணை அழுத்தினார். வக்கீல் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, எங்கே போவதென்று தெரியாமல் அப்படியே நின்றார்.

ஒலிபெருக்கியில் மூக்கால் மூச்சிழுக்கும் சத்தம் கேட்டது.

“இப்படி மாத்தி மாத்தி அடிச்சா எப்படிம்மா?” என்றது அந்தக் குரல், கொஞ்சமும் கோபமில்லாமல். “எனக்கு இருக்கறது ரெண்டு கைதானே?”

நரைத்த தலை அம்மாள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெல்லக் கேட்டார். “கூப்பிடாத ஊர் ஏதாவது பாக்கி இருக்கா?”

ஒன்றுதான் பாக்கி இருந்தது. அதைக் குடைக்காரர் தொடவில்லை, அவளிடம் விட்டுவிட்டார். அவள் தன் ஃபோனையும் ஒலிபெருக்கியில் போட்டு, அண்ணன் எண்ணை அழுத்தினாள். மேஜை நடுவிலிருந்து அந்த மணி கேட்டால் அண்ணனும் வெளியூர் போய்விட்டான் என்று அர்த்தம். எல்லோரும் காது கொடுத்தார்கள். அந்த அறையில் எதுவும் அடிக்கவில்லை.

“தங்கச்சி?” என்றான் அண்ணன்.

அவள் ஃபோன் பக்கம் குனிந்தாள். “அண்ணே, இங்க எல்லா நாட்டுக்காரங்களும் இருக்காங்க. உன் குரலைக் கேட்கிறாங்க. சொல்லு.”

“ஐயா, அம்மா, எல்லாருக்கும் வணக்கம். ஆளுங்க வந்து நேத்தே வீடுங்களை எண்ணிட்டுப் போயிட்டாங்க. குழி தயாரா இருக்கு. பாலத்துலேர்ந்து வண்டி வந்தா பொழைச்சுக்குவோம். கூப்பிடு தூரம்தான்.”

“ஓ, சைக்கிள் கடைக்காரரா?” என்றது மேஜை நடுவிலிருந்த மென்மையான குரல். “அந்த ஒரு ஃபோன்தான் இன்னும் எங்க கைக்கு வரலை.”

தலைவர் எழுந்தார். படை முகாமின் கமாண்டரைக் கூப்பிட்டார். கமாண்டர் தயாராகத்தான் இருந்தார். “இஞ்சினை ஆன் பண்ணச் சொல்லிட்டேன் சார். ஆனா அந்த ஊர் பச்சைதானே? சிவப்பு இல்லாத ஊருக்குப் போகணும்னா, ஏதாவது ஒரு நாடு தன் பேர்ல உத்தரவு கொடுக்கணும். எந்த நாட்டு உத்தரவுன்னு எழுதிக்கட்டும்?”

தலைவர் மேஜையைப் பார்த்தார். ஒரு நாடு போதும். ஒருவர் கையைத் தூக்கினால் போதும்.

கண்ணாடி போட்ட ஒரு பிரதிநிதி தொண்டையைச் செருமினார். “மத்த ஊர்ல நடந்ததுக்கு வருந்துறோம். ஆனா அங்கெல்லாம் முடிஞ்சுபோச்சு. இந்த ஊர்ல... இன்னும் ஒண்ணும் நடக்கலையே?”

“எங்க தலைநகரைக் கேட்டுட்டுச் சொல்றேன்,” என்றார் இன்னொருவர்.

“எல்லாரும் சேர்ந்து கொடுத்தா நாங்களும் கொடுப்போம்,” என்றார் மூன்றாமவர்.

நரைத்த தலை அம்மாளின் கை மேஜையிலிருந்து கொஞ்சம் எழுந்தது. பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்தார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. எழுந்த கை தண்ணீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டது.

“தங்கச்சி,” என்றான் அண்ணன். “யாரும் பேசலையே. லைன் கட் ஆயிடுச்சா?”

“இல்லண்ணே,” என்றாள் அவள். “எல்லாரும் லைன்லதான் இருக்காங்க.”

மேஜை நடுவிலிருந்த ஒலிபெருக்கியில் நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம், செருப்புக் கால்கள் வெளியே போகும் சத்தம். பிறகு, தூரத்தில், ஒன்றன்பின் ஒன்றாக வண்டிகள் கிளம்பின. அங்கே யாரும் எவருடைய உத்தரவு என்று கேட்டதாகத் தெரியவில்லை.

அவள் மேஜை நடுவிலிருந்த ஃபோனைத் துண்டித்துவிட்டு, தன் ஃபோனை இரண்டு கையாலும் எடுத்து வாயருகே வைத்துக்கொண்டாள்.

“அண்ணே, குழந்தைங்களைத் தூக்கிட்டு ஆத்துல இறங்கு. இங்கேர்ந்து யாரும் வரலை.”